இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் குழம்பிய மூதாட்டி: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி மன்னார் வளைகுடாவை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 74 வயது மூதாட்டி. கணவர் இறந்துவிட்டார். மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மருமகளும் கல்லூரியில் படிக்கும் பேத்தியும் உடன் இருக்கிறார்கள். மூதாட்டி சிறு வயது முதல் பாசி எடுத்துப் பிழைத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் சேர்க்கும் வேலை. முழங்கால் வலி வந்த பிறகு மூன்று ஆண்டுகளாகக் கடலில் இறங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது.

இவற்றில் எதுவும் அறுவைக்கு முன்பு எனக்குத் தெரியாது. அவருக்கு மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் நான். எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான்: வயது, எடை 42 கிலோ, ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தம், சர்க்கரை இல்லை, இரு கண்களிலும் கண்புரை அறுவை முன்பே முடிந்தது. மற்றவை அவர் குழம்பிக் கிடந்த நாட்களில் மருமகள் வாய்வழியாகத் தெரிந்துகொண்டவை. குடும்பத்தின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

விழுந்ததும் சேர்த்ததும்

மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. மகன் வீட்டில் இருந்தார். விடியற்காலையில் தண்ணீர்க் குடம் வைக்கும் சிமெண்டுத் தளத்தில் வழுக்கி விழுந்த மூதாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. முதலில் நாட்டு வைத்தியரிடம் முட்டைப் பற்றும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் அப்படியே போயிற்று. கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டு நான்காம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். இடது தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருந்தது. எலும்பினுள் கம்பி செலுத்திப் பொருத்த எலும்பு மருத்துவர் முடிவு செய்தார்.

இந்த வகை முறிவில் நாட்களைக் கடத்தக் கூடாது. படுத்தே இருப்பதால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டு எல்லாம் வரிசையில் நிற்கும். ஆனாலும் எக்கோ எடுக்கவும் இரத்தம் ஏற்பாடு செய்யவும் மேலும் இரண்டு நாள் ஆனது.

இரத்தப் பரிசோதனையில் சோடியம் என்ற உப்பின் அளவு 131. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. தாளில் அந்த எண்ணைப் பார்த்தேன். 'லேசான குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தது. முதியவர்களுக்கு, அதிலும் ஒல்லியான பெண்களுக்கு, சோடியத்தைச் சத்தமில்லாமல் கீழே இறக்கும் மருந்து அது. அறுவை நாள் காலையிலும் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தோம்.

அறுவை அரங்கில்

முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வது என்று முடிவானது. ஊசிக்காக அவரை உட்கார வைக்க வேண்டும். முறிந்த எலும்போடு உட்காருவது தாங்க முடியாத வலி. கவட்டைப் பகுதியில் முன்கூட்டியே நரம்பு மரப்பு ஊசி ஒன்றைப் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்தால் அந்த வலி பெருமளவு அடங்கும். அன்று பட்டியலில் இன்னும் மூன்று அறுவைகள் இருந்தன. அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து மிடசோலம் என்ற தூக்க மருந்தை ஒன்றரை மில்லிகிராம் கொடுத்தேன். அவர் அரைத்தூக்கத்தில் ஒத்துழைத்தார். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இந்த மருந்து இருப்பது எனக்குத் தெரியாததல்ல.

ஊசி போட்ட பத்தாம் நிமிடம் இரத்த அழுத்தம் 86/48-க்கு இறங்கியது. மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் நிமிர்த்தினோம். மற்றபடி அறுவை ஒன்றேகால் மணி நேரத்தில் சிக்கலின்றி முடிந்தது.

இரண்டு இரவுகள்

முதல் இரவு அமைதியாகக் கழிந்தது. செவிலியர் குறிப்பில், 'நோயாளி அமைதியாக உறங்குகிறார், தொந்தரவு இல்லை' என்று இருக்கிறது. மறுநாள் காலை பார்வை நேரத்தில் வந்த பேத்தி என்னிடம், "டாக்டர், அப்பத்தா என்னை அக்கா என்று கூப்பிடுகிறது. சோறு ஊட்டினால் வாயிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறது" என்றாள். மருந்தின் மயக்கம் இன்னும் தெளியவில்லை, மாலைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். முதுகில் ஊசி போட்டு இருபது மணி நேரம் கழித்து எந்த மயக்கம் மிச்சமிருக்கும் என்று நான் என்னையே கேட்டிருக்க வேண்டும்.

டெலிரியம் என்று நாங்கள் சொல்லும் மனக்குழப்பத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கத்தும், குழாய்களைப் பிடுங்கும். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்றது சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும், சாப்பிடாது, கேட்டதற்கு நேரம் கழித்துப் பதில் சொல்லும். இந்த இரண்டாவதற்கு எங்கள் வார்டுகளில் 'நல்ல நோயாளி' என்று பெயர். பேத்தி கண்டது அதைத்தான்.

அன்று ஹீமோகுளோபின் 7.4. மாலையில் ஒரு பை இரத்தம் ஏற்றினோம். ஏற்றும் முன், ஒவ்வாமை வராமலிருக்க என்று ஃபெனிரமின் ஊசி போடப்பட்டது. யாரும் தனியாக எழுதிக் கொடுத்த மருந்தல்ல. இரத்தப் பை வந்தால் அந்த ஊசியும் கூடவே வரும் என்பது வழக்கம். மூளையில் விழிப்பையும் கவனத்தையும் தாங்கிப் பிடிக்கும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. வலிக்கு டிரமடால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.

இரவு இரண்டு மணிக்கு அவர் கை ஊசியைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்க முயன்றார். படுக்கை விரிப்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து மடியில் போட்டார். செவிலியரிடம், விரலில் சுற்றத் துணி கேட்டார். தண்ணீர் ஏறுகிறது, கரைக்குப் போக வேண்டும் என்று கத்தினார். இரண்டு பணியாளர்கள் சேர்ந்து அவருடைய மணிக்கட்டுகளைக் கட்டுத்துணியால் கட்டிலோடு கட்டினார்கள். பணியில் இருந்த மருத்துவர், கொந்தளிப்பை அடக்கும் ஹாலோபெரிடால் மருந்தை இரண்டரை மில்லிகிராம் ஊசியாகப் போடச் சொன்னார். இந்த வயதுக்கு அரை மில்லிகிராமில் தொடங்க வேண்டிய மருந்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது கட்டில்களுக்கு அவர் ஒருவர். என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாள் எதையும் நாங்கள் அவருக்கு வைத்திருக்கவில்லை.

கட்டிய கைகள்

காலையில் நான் போனபோது மகன் கட்டில் அருகே நின்றிருந்தார். இரவெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில்தான் படுத்திருந்திருக்கிறார். பெண்கள் வார்டில் இரவில் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. தாயின் மணிக்கட்டில் கட்டுத்துணி இறுகிச் சிவந்த தடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முதுகில் போட்ட ஊசி மூளைக்கு ஏறிவிட்டது. இப்போது கையையும் கட்டிப்போட்டுவிட்டீர்கள். இனி ஏர்வாடிதானா டாக்டர்?" என்றார்.

வேறு மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இந்தக் கனம் இருந்திருக்காது. 2001 ஆகஸ்டு 6 அன்று, மனநோய் தீர வேண்டி மக்கள் நாடிவரும் தர்கா உள்ள ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இந்தக் கடற்கரையில் நடுவயதைத் தாண்டிய எவருக்கும் அது செய்தித்தாளில் படித்த விஷயம் அல்ல. கட்டப்பட்ட கை என்றால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தால் மறுபடி ஊசியைப் பிடுங்குவார் என்று செவிலியர் தயங்கினார். பிடுங்கினால் மறுபடி போடுவோம் என்றேன். கட்டி வைப்பது குழப்பத்தை அதிகமாக்கும் என்பது மருத்துவ நூல்களில் இருப்பதுதான். ஆனால் அன்று என்னை அவிழ்க்கச் சொன்னது நூல் அல்ல, அந்த மனிதரின் கேள்வி.

காரணம் தேடியது

நண்பகலில் 4ஏடி என்ற சிறு பரிசோதனையைச் செய்தேன். விழிப்பு நிலை, இடமும் ஆண்டும், கவனம், திடீர் மாற்றம் ஆகிய நான்கையும் பார்த்து 12-க்கு மதிப்பெண் போடுவது; 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்க வாய்ப்பு அதிகம். இவருக்கு 11. கவனத்தைச் சோதிக்க மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்ல வேண்டும். ஆங்கில மாதங்கள் அவருக்குத் தெரியாது. பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். மாசி வரை வந்தார், பிறகு மீண்டும் பங்குனி. மருமகள்தான் குறுக்கிட்டு, "இன்று அமாவாசை கழிந்து எத்தனையாம் நாள் என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்" என்றார். கேட்டேன். மூதாட்டி என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. அச்சிட்ட கேள்வித்தாளைவிட அந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் சொன்னது.

சோடியம் 126-க்கு இறங்கியிருந்தது. அடிவயிறு உப்பிக் கல்லாக இருந்தது; குழாய் போட்டதும் 700 மில்லி சிறுநீர் வெளியேறியது. ஆறு நாளாக மலம் கழியவில்லை. மூக்குக்கண்ணாடி, அறுவைக்கு முன் கழற்றியது, மருமகளின் பையில் தகர டப்பாவுக்குள் இருந்தது. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன், சர்க்கரை, சிறுநீரகம், இருதயப் பதிவு எதிலும் புதிய குறை இல்லை. விழுந்தவர் என்பதால் தலைக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கசிவு இல்லை. வயதுக்குரிய சுருக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. அந்தக் கடைசி வரியை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை. முறிவும் வலியும் மூன்று நாள் தாமதமும் அவரோடு வந்தவை. மிடசோலம், ஃபெனிரமின், டிரமடால், கவனிக்காத சோடியம், தேங்கிய சிறுநீர், பறித்து வைத்த கண்ணாடி ஆகியவை நாங்கள் கொடுத்தவை.

எடுத்த முடிவுகள்

டிரமடாலை நிறுத்தினோம். எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். அறுவை அரங்கில் நான் போடாமல் விட்ட நரம்பு மரப்பு ஊசியை இப்போது போட்டேன். சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்த மாத்திரையை மாற்றினோம். சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும் என்பதால் ஒரு நாளுக்கு 8-க்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதி வைத்தோம். 126, 130, 133, 135 என்று மூன்று நாளில் ஏறியது. மகன், "உப்புக் குறைவு என்றால் கருவாடு கொடுக்கலாமா?" என்று கேட்டார். சாப்பாட்டில் உப்புக் குறைந்ததால் வந்த கோளாறு அல்ல இது என்று விளக்கினேன். ஆனாலும் கருவாடு வந்தது, கஞ்சியோடு. நான்கு நாட்களில் அவர் முழுசாகச் சாப்பிட்ட முதல் வேளை அதுதான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டிலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் மாற்றினோம். கண்ணாடியை மாட்டினோம். இரவு பத்து முதல் ஐந்து வரை இரத்த அழுத்தம் பார்க்க எழுப்ப வேண்டாம் என்று குறித்தேன். சிறுநீர்க் குழாயை இரண்டாம் நாளே எடுத்தோம். பிசியோதெரபி பணியாளர் அன்றே அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்.

கடினமான முடிவு மகனை இரவில் உள்ளே விடுவது. கண்காணிப்பாளரிடம் பேசி, கட்டிலைச் சுற்றித் திரை போட்டு, மகனும் மருமகளும் முறை வைத்து இருக்க அனுமதி வாங்கினேன். இடமும் நாளும் நினைவூட்டும் பேச்சு, கண்ணாடி, காது கேட்க உதவி, தூக்கம், நடை, தண்ணீர் ஆகியவற்றை மட்டும் ஒழுங்கு செய்து யேல் மருத்துவமனையில் 852 முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. அதில் டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9-க்குக் குறைந்தது. மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் அது. ஆனால் எங்களுக்கு அது சாத்தியப்பட்டது தடைக்காலம் என்பதால். படகுகள் கரையேறாமல் இருந்திருந்தால் மகன் கடலில் இருந்திருப்பார்.

குடும்பம் தர்காவிலிருந்து கயிறு கொண்டு வந்து கட்ட விரும்பியது. கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவமனையை விட்டு அழைத்துப்போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சிவந்த தடத்தின் மேலேயே கயிற்றைக் கட்டினார்கள்.

குடும்பத்திடம் சொன்னது

'முதுகு ஊசி மூளைக்கு ஏறியதா' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மகன் இன்னொன்றும் கேட்டார்: முழு மயக்கம் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா? சக மருத்துவர் ஒருவரும் அதற்கு நேர்மாறாக, முழு மயக்கம் கொடுக்காததால்தான் தப்பினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே பதில்தான். இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ரீகெய்ன் ஆய்வு 2021-ல் வெளியானது. முதுகு ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதமும் முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதமும் டெலிரியத்துக்கு உள்ளானார்கள். எந்த மயக்கம் என்பதில் வேறுபாடு தெரியவில்லை.

மயக்க மருந்தின் மீதான சந்தேகம் புதிதல்ல. 1955-லேயே லான்செட் இதழில் பெட்ஃபோர்டு என்ற மருத்துவர், மயக்கம் கொடுத்த பிறகு 'பழைய ஆளாக இல்லை' என்று குடும்பத்தினர் சொன்ன முதியவர்களைப் பற்றி எழுதினார். 1998-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பெரிய அறுவை செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரில் கால்வாசிப் பேருக்கு ஒரு வாரத்திலும், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்திலும் நினைவுத் திறன் குறைந்திருந்தது. பாதிப்பு உண்மை. ஆனால் அறுவையின் காயமும் அது கிளப்பும் அழற்சியும், உடலில் முன்பே இருந்த பலவீனமும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் கொடுத்த தூக்க மருந்தும் இரத்தத்தோடு போட்ட ஊசியும் குழப்பத்தைக் கூட்டியிருக்கலாம் என்றும், சோடியத்தைக் கவனிக்காமல் விட்டது என் தவறு என்றும் மகனிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்று நிர்வாகத்தில் ஒருவர் பிறகு வருத்தப்பட்டார். மகன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இராத்திரி என்னை உள்ளே விட்டிருந்தால் கட்டியிருக்க வேண்டாமே" என்று மட்டும் சொன்னார்.

பின்தொடர்ந்தவை

குழப்பம் மொத்தம் ஐந்து நாள் நீடித்தது. பகலில் தெளிவதும் இரவில் கூடுவதுமாக இருந்து, அறுவையிலிருந்து ஆறாம் நாள் காலை காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "நாளை மறுநாள் பௌர்ணமி, தண்ணீர் நன்றாக வற்றும்" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். நாட்காட்டியைப் பார்த்தோம். சரியாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் நடைச்சட்டம் பிடித்து நடந்து வீடு போனார்.

ஆறு வாரத்தில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. பகலில் தூக்கம் அதிகம், பேச்சுக் குறைவு என்றார்கள். மூன்று மாதத்தில் கைத்தடியோடு நடந்தார். ஆனால் நியாயவிலைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ண முடியவில்லை, குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். அப்போதுதான் மருமகளிடம் விழுவதற்கு முந்தைய ஆண்டைப் பற்றி விரிவாகக் கேட்டேன். அவர் சொன்னது: மூதாட்டி இருபது ஆண்டுகள் பெண்களுக்குச் சீட்டு நடத்தியவர், கணக்கு முழுவதும் மனதிலேயே. அதற்கு முந்தைய பொங்கலுக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதில் தகராறு வந்து, சீட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். 'வயதாகிவிட்டது' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இரண்டு முறை அடுப்பில் உலையை வைத்து மறந்திருக்கிறார்.

மறதி நோய் முன்பே தொடங்கியிருந்தது. அதுவே டெலிரியம் வருவதற்கான பெரிய ஆபத்துக் காரணி. டெலிரியம் வந்தால் மறதியின் வேகம் கூடுவதும் உண்டு. இவரிடம் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது, ஏனென்றால் அறுவைக்கு முந்தைய நிலையை நாங்கள் அளந்து வைக்கவில்லை. தைராய்டு, பி12 அளவுகள் சரியாக இருந்தன. ஓராண்டு முடிவில் நரம்பியல் மருத்துவர் மறதி நோய் என்று உறுதி செய்தார். இப்போது தனியாக வெளியே அனுப்புவதில்லை. வீட்டில் மகனை அடையாளம் தெரிகிறது. பேத்தியைச் சில நாள் அக்கா என்கிறார்.

மாற்றிக்கொண்டவை

அறுவைக்கு முந்தைய தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'ஓராண்டாக மறதி, கணக்குத் தடுமாற்றம் உண்டா? யாரிடம் கேட்டது?' இரண்டாவது கேள்விதான் முக்கியம். நோயாளியிடம் கேட்டால் இல்லை என்றுதான் வரும். மருமகளிடம் கேட்க வேண்டும். இடுப்பு முறிவுக்கு நரம்பு மரப்பு ஊசியை இப்போது வந்து சேர்ந்த அன்றே போடுகிறேன், அறுவைக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணாடியும் பல்செட்டும் அரங்கின் வாசல் வரை வந்து, விழிப்பு அறையில் திரும்பக் கிடைக்கின்றன.

ஃபெனிரமின் பழக்கம் முழுதாக மாறவில்லை. இரவுப் பணி மாறும்போதெல்லாம் இரத்தப் பையோடு அது திரும்ப வந்துவிடுகிறது. ஆண்களை இரவில் பெண்கள் வார்டில் அனுமதிப்பது பற்றிய விதி எழுத்தில் மாறவில்லை; ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்துப் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. புதிய வரியைப் பொறுத்தவரை, பட்டியல் நீண்ட நாட்களில் அது காலியாகவே வருகிறது. சென்ற வாரம் ஒரு தாளில் அப்படி இருந்தது. கீழே என் கையெழுத்து.